எழுதியவர் பெயர்

உங்கள் நாற்காலி ஆடுகிறது, ஐயா. பின்காலுக்கு அடியில் ஒரு காகிதத்தை நாலாக மடித்து வைத்தால் சரியாகிவிடும். அடுத்தவர் குறை கண்ணில் பட்டால் சும்மா இருக்க முடியாத பிறவி நான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரியாதது முதுகு மட்டுமல்ல.

மருத்துவமனையில் மருந்து அளவைக் கணக்கிடும் மென்பொருளுக்குப் பதினொரு வருடம் முன்பு சி என்ற கணினி மொழியில் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு கணக்கை மட்டும் செய்யும் நிரல் துண்டு, எழுதினேன். நாற்பது வரி. நோயாளியின் எடையைக் கொடுத்தால் அளவைச் சொல்லும். எடையில் பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிவிடும். எழுபது கிலோ ஆளுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. எனக்குப் பிள்ளை இல்லாத குறையை அதுதான் தீர்த்தது என்று என் மனைவி கேலி செய்வாள். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதில்லை.

பிறகு பச்சிளங்குழந்தைகள் பிரிவு திறந்தார்கள். ஒன்றேகால் கிலோ குழந்தையை இரண்டு கிலோவாகக் கணக்கிட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பிரிவின் டாக்டரம்மா கேட்டார். புதிதாக எழுதும் வேலை என் சகலைக்குப் போனது. அவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். சொந்தச் செலவில் சூனியம். பதினெட்டே வரியில் சரியாக எழுதிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

இப்படி எழுதியதை ஷேர்டு லைப்ரரி என்று தனிக் கோப்பாகக் கம்பைல் செய்து, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, வைப்போம். மென்பொருள் கிளம்பும்போது வேண்டிய ஃபங்ஷனைப் பெயர் சொல்லித் தேடும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொள்ளும். மற்றதைத் திரும்பியும் பார்க்காது, புகாரும் சொல்லாது. என்னுடையதை அதே பெயரில் கம்பைல் செய்து, மருத்துவமனைக் கணினியில் அவருடையதற்கு முன்னால் ஏற்றினேன். ஒரு வாரம் ஓடவிட்டு, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பழையதே போதும் என்று காட்டி மூக்கை உடைக்கலாம் என்பது திட்டம். உடைக்க எனக்குக் கிடைத்தது சகலையின் மூக்குதான்.

ஐந்தாம் நாள் ஒரு குழந்தை இறந்தது. அன்றே எடுத்திருக்கலாம். எடுத்தால் வைத்தது யார் என்று கேட்பார்கள். ஏழாம் நாள் இன்னும் இரண்டு. அதோடு மென்பொருளையே நிறுத்திவிட்டார்கள்.

சகலை சாப்பிடாமல் அந்தப் பதினெட்டு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் மெஷின்ல சரியாத்தானே வருது? எங்க தப்பு பண்ணேன்னு தெரியலண்ணே. நீங்க ஒரு தடவ பாருங்களேன்."

பார்த்தேன். தப்பே இல்லை.

"நல்லா தேடுங்க மாப்ள, எங்கயாவது இருக்கும்" என்றேன்.

நேற்று அவரைக் கைது செய்தீர்கள். அவர் மனைவி எங்கள் வீட்டுக் கூடத்தில் அழுதுகொண்டிருக்கிறாள். அதைப் பொறுக்காமல் வந்தேன் என்று எழுதிக்கொண்டாலும் சரி, எனக்கும் மரியாதையாக இருக்கும். ஆனால் நான் வந்தது இன்றைய பத்திரிகையைப் பார்த்துவிட்டு. அந்த ஃபங்ஷனை எழுதியவர் என்று அவர் பெயரைப் போட்டிருக்கிறார்கள், படத்தோடு.

அந்த ஏழு நாளும் ஓடியது என்னுடையது, ஐயா. நாற்பது வரியும். நடுவில் ஒரு தடவைகூட நிற்கவில்லை.