வழுக்காத தளம்

வெறுங்காலோடு நடந்து பார்த்தால்தான் ஒரு தளத்தின் தரம் தெரியும். நல்ல வெயில் நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு என் நீச்சல் தடாகத்தின் ஓரமாக நீங்கள் ஒரு சுற்று வந்து பார்க்க வேண்டும், ஐயா. கால் சுடாது. ஈரமாக இருந்தாலும் வழுக்காது. இந்த வாவிக்கரையில் அப்படி ஒரு தளம் வேறெங்கும் இல்லை என்று நான் சொன்னால், பெருமை பேசுகிறேன் என்று எடுக்க வேண்டாம். விசாரணைக்குத் தேவையான விவரம் என்பதால் சொல்கிறேன்.

கட்டாரில் ஒரு பெரிய ஹோட்டலில் தடாகப் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். களுவாஞ்சிக்குடிக்கு மேற்கே, வாவியைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் வளவு என் மனைவி விதுர்ஷாவுக்குச் சீதனமாக வந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்குவதற்கு அதில் சில அறைகள் கட்டி, நடுவில் தடாகம் வெட்டினேன். பக்கத்து வளவு விதுர்ஷாவின் பெரியம்மாவுடையது. எனக்கு அவர் ஆச்சிப்பிள்ளை மாமி. மாமியின் கணவர்தான் வினாயகமூர்த்தி மாமா.

மாமா நல்ல மனிதர். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போனவர். காலையில் மாமி அவரைச் சக்கரக் கதிரையில் இருத்தி வாசலில் விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். எங்கள் இரண்டு வளவுக்கும் இடையில் அப்போது தென்னோலைக் கிடுகு வேலி. மாமாவின் கண்ணுக்கு நேராக அதில் ஒரு பொத்தல். கிடுகை மாற்றிக் கட்டிப் பார்த்தேன். பொத்தல் திரும்பி வந்தது. வேறு பொழுதுபோக்கு இல்லாதவர், பாவம். நான் தளம் போடுவதைப் பார்ப்பதை ஒரு உத்தியோகமாகவே வைத்துக்கொண்டார். கட்டட வேலையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சிரிக்கத் தெரியும்.

முதல் தளத்துக்குக் கட்டாரில் பார்த்தபடியே பளபளப்பான டைல்ஸ் பதித்தேன். அங்கே உள்ள நிலம் வேறு, இங்கே உள்ள நிலம் வேறு என்பது பிறகுதான் புரிந்தது. இங்கே கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். மணல் சீனி மாதிரி, நின்ற இடத்தில் நிற்காது. மாரி வந்ததும் அடியில் மணல் இறங்கி, டைல்ஸைத் தட்டினால் வெறும் பானையின் சத்தம் கேட்டது. அது பிந்திய கதை. திறப்பு விழா அன்றைக்கே சுவிஸிலிருந்து வந்திருந்த விதுர்ஷாவின் அண்ணன், கையில் சோடாவோடு நின்ற நிலையில் வழுக்கிக்கொண்டு போய்த் தடாகத்துக்குள் இறங்கினார். பட்டு வேட்டி தனியாக மிதந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து கைதட்டல் கேட்டது.

“மருமகன், ஆக்களக் குளிக்க அனுப்புறது இப்பிடித்தானோ? நல்ல ஏற்பாடு.”

விருந்துக்கு வந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

இரண்டாவது தளத்துக்குப் பலகை அடித்தேன். படத்தில் அழகாகத்தான் இருந்தது. உப்புக் காற்றில் ஆணிகள் துரு கக்கின. மேலே வார்னிஷ் பளபளக்க, அடியிலிருந்து கறையான் ஏறியது. கொழும்பிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு அம்மா காலைத் தேநீரோடு உலாவியபோது பலகை உள்வாங்கி, ஒரு கால் முழங்கால்வரை போய்விட்டது. காயம் பெரிதில்லை. நாங்கள் தூக்கி எடுக்கும்வரை தேநீர்க் கோப்பையைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டிருந்தார், பாராட்ட வேண்டிய அம்மா.

“கறையானுக்கும் ஒரு அறையக் குடு மருமகன்,” என்றது வேலி. “பாவம், எத்தின நாளைக்கு வெளிய கிடந்து தின்னும்?”

அந்த வாரமே சந்தியில் ஆட்டோக்காரர்கள் வருகிறவர்களிடம் “கறையான் ஹோட்டலுக்கோ?” என்று கேட்கத் தொடங்கினார்கள். நான் பொறுமையானவன். கட்டாரில் அரபிகளின் பிள்ளைகள் தடாகத்துக்குள் செய்ததையெல்லாம் வாய் திறக்காமல் வலைபோட்டு அள்ளியவன். ஊர்ச் சிரிப்பு எனக்கு ஒரு பொருட்டில்லை.

மூன்றாவது தளத்தை அவசரப்படாமல் போட்டேன். இளகிய மணலை அள்ளி எறிந்துவிட்டுக் கிறவல் மண் கொட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்து, இயந்திரம் வைத்து அடுக்கடுக்காக இறுக்கினேன். அதற்கு மேல் தடித்த பொலித்தீன். கம்பி வலைக்கு மேலேயும் கீழேயும் தாராளமாகக் கொங்கிறீற், உப்பு கம்பியைத் தொடக்கூடாது என்பதற்காக. ஒரே பாளமாக ஊற்றினால் இந்த வெயிலுக்கு வெடிக்கும். அதனால் துண்டு துண்டாக, இடைவெளி விட்டு ஊற்றினோம். காயுமுன் தும்புத்தடியால் இழுத்துச் சொரசொரப்பாக்கினோம். கால் சுடாதபடி வெளிர் நிறம். தடாகத்துக்குள் அழுக்குத் தண்ணீர் இறங்காதபடி வெளிப்பக்கம் சரிவு. ஏறாவூரிலிருந்து முனாப் மேசன் ஆட்களோடு வந்து செய்தார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

ஒரு சிக்கல்தான் இருந்தது. றோட்டுப் பக்கத்து மழைத் தண்ணீர் மாமாவின் வளவுக்குள் இறங்கி, என் வளவுக்குள் ஒரு வாய்க்காலாக வந்து வாவியில் விழும். காலம் காலமாக அப்படித்தான். அந்த வாய்க்கால் என் தளத்துக்கு நேர் கீழே வந்தது. மூடாமல் தளம் போட முடியாது. மாமி என் வளவு வாசல் கடப்படியில் வந்து நின்றார்.

“மனே, தண்ணி போற வழிய அடைச்சுப்போடாத. அவரால ஒழும்பி ஓடேலாது.”

“அடைக்க மாட்டன் மாமி. அடியால குழாய் போட்டுத்தாறன். இப்ப போறதிலயும் பாக்கக் கெதியாப் போகும்.”

சொன்னபடி செய்தேன். நான் வாங்கி இறக்கிய குழாயைப் பார்த்த முனாப், “இதென்ன தம்பி, ஆளே புகுந்து போகலாம் போல இரிக்கி,” என்றார். பெரிதாகவே இருக்கட்டும் என்று சொன்னேன். வாவிப் பக்கத்து வாயில் ஒரு இரும்புக் கதவும் வைத்தேன். கைப்பிடியைச் சுற்றினால் இறங்கும், மறுபக்கம் சுற்றினால் ஏறும். முகத்துவாரத்து மணலை வெட்டிக் கடலுக்கு வழி விடும்வரை மாரியில் வாவி ஏறிக்கொண்டே இருக்கும் அல்லவா? அந்தத் தண்ணீர் குழாய் வழியே திரும்பி மாமாவின் வளவுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக வைத்தது. மாமாவின் நன்மைக்காக. பிறகு வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டினேன். பொத்தல் இல்லாத மதில்.

வேலை முடிந்ததும் நானே போய் மாமாவைத் தள்ளிக்கொண்டு வந்து காட்டினேன். அவர் கதிரையை உருட்டி ஒரு சுற்று வந்தார். குனிந்து உள்ளங்கையால் தளத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். தண்ணீர் ஒரு துளி தங்காமல் ஓடியது. மாமா தலையை மேலும் கீழும் ஆட்டினார். அப்போது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை உங்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது.

பிறகு மாமா சொன்னார்: “அருமையான களம் மருமகன். நம்மட வட்டைக்குள்ள விளையிற நெல்லெல்லாத்தையும் இதில காயப்போடலாம்.”

விதுர்ஷா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

அறுவடை முடிந்ததும் ஒருவர் உண்மையாகவே உழவு இயந்திரப் பெட்டியில் நெல் மூட்டைகளோடு வந்து நின்றார். “ஒரு நாளைக்கு மட்டும் தம்பி. மூர்த்தியண்ணன்தான் சொன்னவர், உங்கட களத்தில கெதியாக் காயுமாம்.” மரியாதையாகத்தான் கேட்டார். மரியாதையாகவே திருப்பி அனுப்பினேன். யாரோ போனில் உள்ள வரைபடத்தில் என் இடத்துக்கு ‘நிலோஜன் நெற்களம்’ என்று பெயர் போட்டுவிட்டார்கள். லண்டனிலிருந்து அறை பதிவு செய்ய எடுத்த ஒரு குடும்பம், அங்கே தூசி அதிகமாக இருக்குமா என்று விசாரித்தது.

இதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு பகிடிக்காக யாராவது அப்படிச் செய்வார்களா? காரணம் மழை.

அன்று காலை மாமி விதுர்ஷாவையும் கூட்டிக்கொண்டு மாமாவுக்கு மருந்து எடுக்கப் புறப்பட்டார். வானம் கறுத்திருந்தது. மாமி மதிலுக்கு அப்பால் நின்று கூப்பிட்டார்.

“மனே, கிளினிக்குக்குப் போட்டு வாறம். மழ வரும் போல இரிக்கி. மாமாவ ஒருக்கா எட்டிப் பாத்துக்கொள்ளு.”

“ஓம் மாமி. நீங்க பயப்பிடாமப் போங்க.”

அவர்கள் போன சற்று நேரத்தில் மழை இறங்கியது. இங்கத்தைய மாரி மழை உங்களுக்குத் தெரியும், வானத்தில் யாரோ குளத்து வான்கதவைத் திறந்துவிட்டது மாதிரி. றோட்டு வெள்ளத்தில் வாகனங்கள் நின்றுவிட்டன. நான் குடையைப் பிடித்துக்கொண்டு தளத்தில் நின்றேன். எந்தத் தளத்துக்கும் அதுதான் பரீட்சை. தண்ணீர் தடாகத்தை விட்டு விலகி, நான் நினைத்த வழியில், நான் வெட்டிய வடிகானுக்குள் விழுந்தது. ஒரு இடத்திலும் தேங்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான காட்சியை நான் பார்த்ததில்லை.

மதிலுக்கு அப்பாலிருந்து மாமாவின் குரல் கேட்டது.

“மருமகன், எனக்கும் ஒரு தடாகம் கட்டித் தந்திட்டாய் போல இரிக்கே.”

எட்டிப் பார்ப்பதாக மாமிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். முனாப் விட்டுப்போன ஏணியை மதிலில் சாய்த்து ஏறி எட்டிப் பார்த்தேன். அவர்களுடைய வளவு நிறைந்து தண்ணீர் வாசற்படியைத் தாண்டியிருந்தது. மாமா விறாந்தையில், சக்கரக் கதிரையின் சில்லு பாதி மறைந்த நிலையில் இருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நன்றாகப் பார்த்தேன். பிறகு ஏணியால் இறங்கினேன்.

அதற்குப் பிறகும் கூப்பிட்டார். முதலில் மருமகன் என்று. பிறகு நிலோஜன் என்று. அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. குரலில் பகிடி இல்லை. கதிரை சரிந்த சத்தமும் கேட்டிருக்க வேண்டும், மழையில் எனக்கு நிச்சயமில்லை. தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்திருக்காது. எழும்பி நிற்கக்கூடியவர் எவருக்கும் அது ஆபத்தான அளவில்லை.

செத்த வீட்டை நான்தான் முன்னின்று நடத்தினேன். மாமியின் வளவு சேறாகக் கிடந்ததால் பந்தலை என் தளத்தில் போடவைத்தேன். கதிரைகள் அடுக்கி, அத்தனை சனமும் வந்து இருந்து எழும்பிப் போனது. இடையில் மறுபடியும் ஒரு மழை பெய்தது. ஒருவர் காலிலும் ஈரம் படவில்லை. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அழுகிற வீட்டில் எதிர்பார்க்கவும் கூடாதுதான்.

திடீர் மரண விசாரணைக்கு வந்தவர் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், வெள்ளத்தால் நேர்ந்த விபத்து என்று சொன்னார். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். நானும் ஏற்றுக்கொண்டேன். நீங்கள் என்னைத் தேடி வரவில்லை ஐயா, நானாகத்தான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். அதையும் கவனத்தில் எடுங்கள்.

ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். மாமாவின் அந்தியேட்டிச் சடங்கு அன்று சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த யாரோ ஒருவர் சொன்னார்: தளத்துக்கு அடியில் போட்ட குழாய் சின்னனாம். அதனால்தான் தண்ணீர் போக வழியில்லாமல் வளவுக்குள் ஏறியதாம். கட்டட வேலையில் ஒரு கல் தூக்கி வைத்தறியாத மனிதர். அடுத்த நாள் சந்தி முழுவதும் அதே பேச்சு. தேநீர்க் கடையில், சலூனில், பஸ் நிற்கும் இடத்தில். ‘நெற்களத்துக் குழாய்’ என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். நேற்று மாமி வந்தார். வெள்ளைச் சேலையோடு என் தளத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ என்னத்தச் செய்வாய் மனே. உன்னில ஒரு கோவமும் இல்ல. நல்ல மனசோடதான் போட்டாய். குழாய் சின்னனாப் போயித்து.”

என்னை மன்னித்துவிட்டுப் போகிறார், ஐயா. நான் செய்யாத பிழைக்கு. அதைக் கேட்டுக்கொண்டு எப்படி வீட்டில் இருப்பது?

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிக்கொள்ளுங்கள். முகத்துவாரத்தை அதற்கு முந்திய வாரமே வெட்டிவிட்டார்கள். அன்று வாவி தாழ்ந்துதான் கிடந்தது, குழாய்க் கதவை மூடுவதற்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. மாமியும் விதுர்ஷாவும் ஏறிய பஸ் கண்ணுக்கு மறைந்ததும் நான்தான் போய்க் கைப்பிடியைச் சுற்றிக் கதவை இறக்கினேன். மாமாவின் குரல் நின்றதும் நான்தான் போய் அதை ஏற்றினேன். அந்த வளவில் நின்ற அவ்வளவு தண்ணீரும், அவர்கள் வீடு வந்து சேருமுன், ஒரு தடங்கலும் இல்லாமல் என் தளத்துக்கு அடியால் ஓடி வாவியில் விழுந்தது. நீங்களே சொல்லுங்கள், சின்னக் குழாய் என்றால் அது எப்படி அவ்வளவு கெதியாகப் போகும்?