கெமிஸ்ட்ரிக்குச் சிவப்புப் பூ

வேங்கிக்கால் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் மகளின் பிளஸ் ஒன் சேர்க்கைக்கான ஃபைலை வைத்திருந்தவள்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"சாமிக்குக் கெமிஸ்ட்ரி புடிக்கலக்கா."

பக்கத்திலிருந்தவள் டிக்கெட்டைச் சுருட்டி வளையலுக்குள் செருகிக்கொண்டாள்.

"சாமி எப்ப சொல்லுச்சு?"

"பொண்ணு கெமிஸ்ட்ரி இருக்கிற குரூப்தான் வேணும்ன்றா. அவ அப்பா காமர்ஸ்ன்றாரு. கடைசியில, பூ கட்டிப் பாரு, சாமி சொல்றதுல சேர்த்துக்கலாம்னாரு. சிவப்பு வந்தா கெமிஸ்ட்ரி, வெள்ளை வந்தா காமர்ஸ். நானும் அவளும் தெருமுனைப் புள்ளையார் கோயிலுக்குப் போனோம். ரெண்டு பொட்டலம் வெச்சேன். ஒண்ணை எடுத்தா. வெள்ளை."

"சரி."

"பொட்டலம் ஒழுங்கா மடிக்கலன்னு சொன்னா. மறுபடியும் மடிச்சேன். வெள்ளை. இது ராகு காலம், நாளைக்கு வரலாம்னா. மறுநாளும் வெள்ளைதான். அப்புறம் ரெண்டு நாளா அவ சரியா சாப்பிடல."

"அப்ப காமர்ஸ்தானா?"

"இல்லக்கா, கெமிஸ்ட்ரிதான். அவர்கிட்ட நாங்க எதுவும் சொல்லல. நேத்து அவரையும் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு பொட்டலத்துலயும் சிவப்பு அரளிதான் வெச்சேன். அவரே எடுத்துப் பிரிச்சாரு. கன்னத்துல போட்டுக்கினு சரின்னுட்டாரு."

"ஏண்டி, சாமி கோச்சுக்காதா?"

ஃபைலை மடியில் நேராக வைத்துக்கொண்டாள்.

"மூணு தடவை கேட்டும் பொண்ணு மனசு அதுக்குப் புரியல. கோச்சுக்கறதா இருந்தா நாங்கதான்க்கா கோச்சுக்கணும்."