முன் ஃபோர்க்கைப் பிரித்தபோது கண்டவை

என் பெயரும் வீட்டு முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. வயது முப்பத்தொன்பது. மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பிரிவில் பதினான்கு வருடங்களாக வேலை செய்கிறேன். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகாத என் தம்பி, வயது இருபத்தொன்பது, எங்களுடன் இருக்கிறான். என் மீது புகார் கொடுத்திருக்கும் சைக்கிள் பட்டறைக்காரர் என் தங்கையின் கணவர். எங்கள் வீட்டில் அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்வோம். இதிலும் அப்படியே சொல்கிறேன். அவர் மேல் எண்ணெய் ஊற்றியது உண்மையா என்று காவல் அதிகாரி கேட்டதற்கு, உண்மைதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

தம்பியிடம் மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள் ஒன்று உண்டு. அதன் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் சாதாரண சைக்கிளில் இருப்பது போல வெறும் கம்பி அல்ல. இரண்டு பக்கமும் குழாய்க்குள் குழாய் இருக்கும், உள்ளே காற்றும் எண்ணெயும் இருக்கும், பள்ளத்தில் இறங்கினால் அமுங்கி உடனே எழும்ப வேண்டும். போன மாதம் முதல் வாரத்தில் அது சரியாக எழும்பவில்லை என்று தம்பி மாப்பிள்ளையின் பட்டறையில் கொண்டுபோய் விட்டான். இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையே ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். ஃபோர்க்கை முழுசாகப் பிரித்துக் கழுவி, ரப்பர் எல்லாம் புதிதாகப் போட்டு, எண்ணெய் மாற்றிவிட்டதாகச் சொன்னார். வெளிப்பக்கம் பளபளவென்று இருந்தது. நான் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

அதன் பிறகு பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பி சரிவில் இறங்கும்போது ஃபோர்க் ஒரேயடியாக அமுங்கி எழும்பாமல் நின்றுவிட, அவன் தலைகுப்புறப் போய்ப் பாறையில் விழுந்தான். பின்னால் வந்தவர்கள் தூக்கி வந்தார்கள். கீழ்த்தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பல் ஐந்து போய்விட்டது. மேலும் கீழும் கம்பியால் கட்டியிருப்பதால் இன்றுவரை வாயைத் திறக்க முடியாது, ஒரு நோட்டில் எழுதிக் காட்டுகிறான். அவனுக்குப் பயன்படுத்திய கருவிகள் என் பிரிவுக்குத்தான் கழுவ வந்தன. நானே கழுவினேன். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

மாப்பிள்ளை தினமும் மருத்துவமனைக்கு வந்தார். கம்பி இடுக்கு வழியாக ஸ்ட்ரா வைத்துப் பழச்சாறு கொடுப்பார், கன்னத்தில் வழிந்ததைத் தன் கைக்குட்டையால் ஒற்றி எடுப்பார், சீப்பு வாங்கி வந்து தலை வாரிவிடுவார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "வேகத்தைக் குறைடான்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே" என்று சொன்னார். ஒருமுறை தம்பி நோட்டில் 'நான் வேகமாகப் போகவில்லை' என்று எழுதி நீட்டினான். மாப்பிள்ளை படித்துவிட்டு, வேறு பக்கத்தைப் புரட்டி அவன் மடியில் வைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை வந்தார். முதல் தடவை, சைக்கிள் கண்ணில் பட்டால் எல்லோருக்கும் மனசு கஷ்டம், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுகிறேன் என்றார். தம்பியைக் கேட்காமல் முடியாது என்றேன். இரண்டாம் தடவை, சைக்கிள் கிடக்கட்டும், ஃபோர்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு போகிறேன் என்றார். என் கணவர் வீட்டில் இருந்தார். இன்றைக்கு வேண்டாம் மாப்பிள்ளை என்று சிரித்த முகமாக அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திய பிறகு, நாமே பிரித்துப் பார்ப்போம் என்றார்.

சனிக்கிழமை பிற்பகல் துணி துவைக்கும் இடத்தில் பழைய பேப்பர் விரித்து உட்கார்ந்தோம். என் கணவர் ஏற்கெனவே ஃபோர்க்கைச் சைக்கிளிலிருந்து கழற்றி வைத்திருந்தார். நான் மருத்துவமனையில் போடுவது போன்ற கையுறை போட்டுக்கொண்டேன். முதலில் மேலே காற்றடிக்கும் வாயை அழுத்தினார். காற்று வரவில்லை, சாம்பல் நிறத்தில் நுரை வந்தது. அதன் பிறகு அடியில் இரண்டு பக்கமும் இருந்த போல்ட்டுகளைச் சில சுற்றுத் தளர்த்தி, ரப்பர் சுத்தியால் தட்டி, பிறகு முழுதாகக் கழற்றி, கீழே பேசின் வைத்து வெளிக்குழாயைப் பிடித்து இழுத்தார். மாற்றிய எண்ணெய் என்றால் சமையல் எண்ணெய் போலத் தெளிவாக இரண்டு மூன்று கரண்டி வரும் என்று சொல்லியிருந்தார். வந்தது கறுப்பு. பாதி தண்ணீர், பாதி சேறு, அதற்குள் துருக் கட்டிகள். அழுகிய முட்டையை மூடிவைத்துத் திறந்தது போன்ற நாற்றம். நான் பதினான்கு வருடமாகச் சீழும் இரத்தமும் காய்ந்த கருவிகளைக் கழுவுகிறேன், ஒரு நாளும் மூக்கைப் பொத்தியதில்லை. அன்று எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு, வாய் கொப்பளித்து வந்து உட்கார்ந்தேன்.

குழாயின் வாயில் எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும் பஞ்சு வளையம் ஒன்று உண்டு. எடுக்கப் போனதும் ஊறிப்போன ரொட்டி போல் விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. அதற்கு மேலே இருந்த ரப்பரைத்தான் மாப்பிள்ளை புதிது என்று சொன்னார். தொட்டதும் கையுறை கறுப்பானது. முகர்ந்து பார்த்தேன், ஷூ பாலிஷ். துடைத்த பிறகு பார்த்தால் ரப்பர் முழுக்க வெடிப்பு. வெடிப்புக்குள் பாலிஷை விரலால் அப்பித் தேய்த்திருந்த தடம் அப்படியே இருந்தது.

அதன் பிறகு காற்று இருக்கும் பக்கத்தைத் திறந்தோம். உள்ளே காற்றைத் தாங்குகிற பிஸ்டன் சுற்றளவில் பாதிக்கு மேல் பிளந்திருந்தது. பிளவின் மேல், தண்ணீர்க் குழாய் ஒழுகாமல் இருக்கச் சுற்றுவோமே, அந்த வெள்ளை டேப்பை ஐந்தாறு சுற்றுச் சுற்றியிருந்தார்கள். டேப் கிழிந்து நார் நாராகத் தொங்கியது. காற்று அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. என் கணவர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பார்க்காம விட்டிருந்தா சோம்பேறின்னு சொல்லலாம். இவன் பார்த்துட்டுத்தான் சுத்தியிருக்கான்" என்றார். மாப்பிள்ளையை அவர் ஒருமையில் பேசியது அதுவே முதல் தடவை. எனக்கு அந்தக் கைக்குட்டையும் சீப்பும்தான் நினைவுக்கு வந்தன.

மறுநாள் தம்பியிடம் பிஸ்டனைக் காட்டினோம். அவசரம் இல்லை என்று சொல்லித்தான் சைக்கிளைப் பட்டறையில் விட்டதாக எழுதிக் கொடுத்தான். அதற்குக் கீழே, என் தங்கையைக் குறித்து, 'சின்னக்காவுக்குத் தெரியுமா' என்று எழுதினான்.

திங்கட்கிழமை பதினொரு மணி அளவில், பிஸ்டனையும், ஒரு பாட்டிலில் பாதி எண்ணெயையும் எடுத்துக்கொண்டு தனியாகப் பட்டறைக்குப் போனேன். மீதி எண்ணெயையும் மற்ற பாகங்களையும் இப்போது ஒப்படைத்திருக்கிறேன். பட்டறையில் மாப்பிள்ளையும், மேசைக்குப் பின்னால் என் தங்கையும், சைக்கிள் எடுக்க வந்த இரண்டு பேரும் இருந்தார்கள். பிஸ்டனை மேசையில் வைத்து இது என்ன என்று கேட்டேன். உள்ளே போய்ப் பேசலாம் என்றார். இங்கேயே சொல்லுங்கள் என்றேன். புது பிஸ்டன் வர நாளாகும், தம்பி அவசரப்படுத்தினான் என்றார். அவசரம் இல்லை என்று தம்பி எழுதிக் கொடுத்திருக்கிறான் என்றேன். அப்போது அவர் அந்த இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "நான் அன்னைக்குக் கடையிலேயே இல்லக்கா. உங்க தங்கச்சிதான் மூடி மாட்டினா. அவ ஏதாவது சுத்தியிருப்பா, அவளுக்கு என்ன தெரியும்" என்றார்.

எண்ணெய் பட்டால் என் தங்கைக்குக் கை தடித்துப்போகும், அவள் ஸ்பானரைத் தொட்டதே இல்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாட்டிலைத் திறந்து அவர் நெஞ்சில் ஊற்றினேன். கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதனால் முகத்தில் படாமல் பார்த்துத்தான் ஊற்றினேன். கொளுத்திவிடுவேன் என்று நான் மிரட்டியதாகப் புகாரில் இருப்பது பொய். கெட்ட வார்த்தையும் பேசவில்லை, அப்போதுகூட நீங்கள் என்றுதான் பேசினேன். அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குமட்டினார். அவருக்கே அந்த நாற்றம் தாங்கவில்லை.

தங்கை உள்ளே போய்த் துணி எடுத்து வந்தாள். மாப்பிள்ளை கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்து விரல் விரலாகத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "நான் சுத்தலக்கா. சுத்தும்போது பார்த்தேன். இது தாங்குமான்னு கேட்டேன். உன் வேலையைப் பாருன்னாரு. நானும் என் வேலையைப் பார்த்தேன்" என்றாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

இன்று காலை விசாரணைக்கு நான் புறப்பட்டபோது அவள் எங்கள் தெருமுனையில் நின்றாள். பார்த்ததைத் தானே சொல்லப் போவதாகச் சொன்னாள். இந்த நிலையத்தின் படியில் என் கையைப் பிடிக்க வந்தாள். நான் கொடுக்கவில்லை. அவள் தனியாகவே ஏறி எனக்கு முன்னால் உள்ளே போனாள்.

நான் சொன்னபடி எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கழிவு எண்ணெய் என்று எழுதியிருந்த இடத்தில் என் தம்பியின் ஃபோர்க்கில் இருந்த எண்ணெய் என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். கூட்டியோ குறைத்தோ நான் எதுவும் சொல்லவில்லை, அத்தனையும் நடந்ததே என ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)