மருமகள் இறக்கம்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் ஐயா, அந்த ஆற்றுத் தண்ணீர் எல்லோரும் பயப்படுகிற அளவுக்குச் சில்லென்று இருக்காது. இறங்கின முதல் நிமிடம் மட்டும் பல் கிடுகிடுக்கும், அப்புறம் உடம்பு பழகிவிடும். படகில் ஏறுகிறவர்களிடம் பதினாறு வருடமாக நான் சொல்கிற முதல் வாக்கியமே இதுதான். கேட்டதும் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதியை நான் தொடுவதில்லை. அதுவும் போய்விட்டால் அவர்கள் வந்ததற்கே அர்த்தமில்லை.

எங்களுடையது ஒருநாள் பயணம். காலை எட்டரைக்கு ரப்பர் படகு. இரண்டு மணி நேரத்தில், தண்ணீர் சரிந்து பாய்கிற பதினொரு இறக்கங்கள். முடிகிற இடத்தில், கரை மேலேயே சாப்பாட்டுக் கொட்டகை. ஈரம் மாற்றி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மதியம் மழைக்காட்டுக்குள் ஏ.டி.வி. ஓட்டலாம். தடித்த நாலு சக்கர வண்டி. சேறு, வேர், பாறை எதையும் மதிக்காமல் ஏறும். ஆறு என் பொறுப்பு. காடு மட்கார்டின் பொறுப்பு. வருடம் முழுக்க மேலெல்லாம் சேறு அப்பிக்கொண்டு திரிவதால் அவனுக்கு அந்தப் பெயர். வெள்ளந்தியான ஆள். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான்.

இறக்கங்களுக்குப் பெயர் வைத்தது நான். ஆறாவதுக்கு மாமியார் என்று பெயர். தூரத்திலிருந்தே ஓவென்று சத்தம் போடும், நுரைக்கும். கிட்டே போனால் ஆளை நனைப்பதோடு சரி. ஏழாவது மருமகள். சத்தமே இருக்காது, தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். ஆனால் இடது பக்கம் ஒதுங்காமல் நேரே போனால், உள்ளே கிடக்கும் பாறை படகை ஒருக்களிக்க வைத்து, வலது ஓரத்தில் இருப்பவரைத் தூக்கி எறிந்துவிடும். இந்த விளக்கத்துக்குச் சிரிக்காத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. மாமியார்கள்தான் அதிகம் சிரிப்பார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு புதுமாப்பிள்ளை மருமகளில் விழுந்தார். அது தற்செயல். கயிறு வீசி இழுத்துப் போட்டேன். கரையில் நின்றிருந்த அவருடைய அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீ என் வயித்துல பொறக்காத பிள்ளைப்பா" என்று அழுதார். அலுவலகச் சுவரில் என் புகைப்படம் ஏறியது. வீட்டில் போய்ச் சொன்னபோது என் மனைவி, "ஊரையெல்லாம் கரையேத்துங்க. சமையக்கட்டுக் குழாய் ஒரு மாசமா ஒழுகுது, அதைப் பாக்க ஆளக் காணோம்" என்றாள். அவளைக் குறை சொல்லவில்லை. குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

அதற்குப் பிறகு ஏழு மாதம் யாரும் விழவில்லை. எனக்கு எதையோ பறிகொடுத்தது போல இருந்தது.

நான் ஒருவரையும் தள்ளிவிட்டதில்லை ஐயா, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். "இடது, இடது" என்று கத்த வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். அதுவும் மாதத்துக்கு ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு. குழந்தைகள் கிடையாது. நெஞ்சுவலிக்காரர்கள் கிடையாது. கூட வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி, பாசமுள்ள குடும்பமாகப் பார்த்து எடுப்பேன். ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கியது. ஒரு பெண்ணுக்கு முன்பல் இரண்டு போயின. இருவருமே எனக்கு நன்றிக் கடிதம் எழுதினார்கள். வேண்டுமானால் கொண்டுவந்து காட்டுகிறேன்.

டீச்சர் வந்தது போன மாதம், ஒரு சனிக்கிழமை. மகளும் மருமகனும் கூட வந்தார்கள். கணக்கு டீச்சர், ஓய்வு பெற்று மூன்று வருடமாம். கண்ணாடி விழாமல் இருக்க நாடா கட்டி, சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டு, லைஃப் ஜாக்கெட்டின் ஒவ்வொரு கொக்கியையும் தானே இழுத்துப் பார்த்துக்கொண்டார். அப்படிப்பட்டவர்களை எனக்குப் பிடிக்கும். மருமகன் நல்ல பருமன், கலகலப்பான பேர்வழி. "அண்ணே, நான் விழுந்தா ஆறு கரையை விட்டு வெளிய வந்துடும், பாத்துக்குங்க" என்று தன்னையே கிண்டலடித்துக்கொண்டிருந்தார். அவரை வலது ஓரத்தில் உட்காரவைத்தேன்.

மாமியாரில் எல்லோரும் கூவினார்கள். மருமகளில் அவர் விழுந்தார். அழகாக இழுத்துப் போட்டேன். மகள் புருஷனைக் கட்டிக்கொண்டு அழுதாள், பின்னால் வந்த படகில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். டீச்சர் கைதட்டவில்லை.

சாப்பாட்டுக் கொட்டகையில் தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கம்மா."

"மத்த பத்து எடத்துலயும் இடது, வலதுன்னு தொண்டை கிழியக் கத்துனீங்க. அந்த ஒரு எடத்துல மட்டும் ஏன் சத்தமே காட்டல?"

"தண்ணிச் சத்தத்துல கேட்டிருக்காதும்மா."

"அங்க தண்ணி சத்தமே போடலையே. நீங்கதானே சொன்னீங்க?" என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. "அவர் விழுறதுக்கு முன்னாடியே கயிறு உங்க கைக்கு வந்துடுச்சு. முப்பத்திமூணு வருஷம் வகுப்புல நின்னவ நான். தப்பு பண்ணப் போற பையன் மூஞ்சி எனக்குத் தெரியும்."

நான் சாம்பார் வாளியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"சாயங்காலம் முதலாளி வருவாராமே. நீங்களே எங்கூட வந்து சொல்லிடுங்க. நான் போட்டுக் குடுத்த மாதிரி இருக்க வேணாம்."

மரியாதையானவர். நாலு பேர் முன்னால் வைத்துக் கத்தியிருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. "சரிம்மா" என்றேன். தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் மட்கார்டு சமதரையில் முக்கால் மணி நேரம் வண்டி பழக்குவான். அந்த நேரத்தில் நான் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனேன். பாதி வழியில் தடம் இரண்டாகப் பிரியும். வலது பக்கம் அருவிக்குப் போகிற தடம். இடது பழைய தடம், மழையில் மண் சரிந்து பாதியிலேயே பள்ளத்தில் முடிந்துவிடும். குறுக்கே சிவப்புத் துணி கட்டிய கயிறு இருந்தது. அவிழ்த்து, முறுக்கு விழாமல் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டேன். உங்கள் மேசை மேல் இருப்பது அதுதான்.

திரும்பி வந்து மட்கார்டிடம், "இன்னைக்கு வரிசைக்குப் பின்னால நான் வர்றேன்டா" என்றேன். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

மகளும் மருமகனும் ஒரே வண்டியில் முன்னால் போனார்கள். டீச்சர் தனி வண்டிதான் வேண்டும் என்றார். இருபது வருடம் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் போனவராம். நிதானமாக ஓட்டினார். வேர் வந்தால் நின்று பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார். அதனாலேயே மற்றவர்கள் கண்ணுக்கு மறைந்துபோனார்கள். நல்ல மதியம் அது. முந்தின நாள் மழையில் இலையெல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பிரிவு வந்ததும் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் தம்பி?"

இந்த முறை நன்றாகக் கேட்கும்படியே சொன்னேன். "இடதும்மா, இடது."

வண்டி உருண்ட சத்தம் ஓய்ந்த பிறகு நான் இறங்கிப் போனேன். முப்பதடி இருக்கும். வண்டி தனியாக ஒரு பக்கம் கிடந்தது. டீச்சர் ஒரு மரத்தடியில் கிடந்தார். நினைவு இருந்தது. "பாப்பாவைக் கூப்பிடுங்க" என்றார். மகளைச் சொன்னார். என் தோளில் வாக்கி டாக்கி இருந்தது. மட்கார்டு, "டீச்சர் எங்கண்ணே, காணோம்?" என்று கேட்டான். "என் வண்டி சேத்துல சிக்கிடுச்சுடா. எடுத்துட்டு வர்றோம். நீங்க அருவியில போட்டோ எடுத்துட்டு இருங்க" என்றேன். பிறகு சத்தத்தைக் குறைத்துவைத்தேன். கரகரவென்ற அந்த ஒலி அவருக்குத் தொந்தரவாக இருந்திருக்கும்.

நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் தூறல் போட்டது. என் சட்டையைக் கழற்றி அவர் முகத்தில் ஈரம் படாமல் பிடித்துக்கொண்டேன். கையைப் பிடித்திருந்தேன். கடைசி வரைக்கும் விடவில்லை. பெற்ற மகன்கூட அந்த அளவுக்கு உட்கார்ந்திருப்பானா, தெரியாது. எல்லாம் முடிந்தபின் மட்கார்டை அழைத்தேன்.

அவன் வருவதற்குள் டீச்சரை முதுகில் போட்டுக்கொண்டு ஏறினேன். ஈரமண், ஓரடி ஏறினால் இரண்டடி வழுக்கும். தடத்துக்குப் பத்தடி கீழே எனக்கு மூச்சு முட்டியது. அப்போதுதான் மட்கார்டு ஓடிவந்து அவரைத் தன் கையில் வாங்கிக்கொண்டான். மகளும் மருமகனும் வந்து சேர்ந்தபோது அவன் கையில்தான் இருந்தார்.

அங்கேதான் தவறு செய்துவிட்டேன். ஏன் நேரமாயிற்று என்று கேட்டபோது, என் வண்டி சேற்றில் சிக்கியதும் டீச்சர் முன்னால் போய்விட்டார், வந்து பார்க்கும்போதே எல்லாம் முடிந்திருந்தது என்று சொல்லிவிட்டேன். கயிறு மழையில் அறுந்திருக்கும், விபத்து என்று எழுதி முடித்தார்கள். மறுநாள் பத்திரிகையில் மட்கார்டின் படம் வந்தது. பள்ளத்திலிருந்து தூக்கி வந்த துணிச்சல்காரன் என்று போட்டிருந்தார்கள். டீச்சரின் மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாவை அனாதையா விடாம இருந்தீங்களே அண்ணா" என்று அழுதாள். நான் அவனுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவனும் தலையைக் குனிந்துகொண்டு அந்த நன்றியை வாங்கிக்கொண்டான். அலுவலகச் சுவரில் இப்போது அவன் படத்தையும் மாட்டியிருக்கிறார்கள். கடைசி வரைக்கும் அவர்கூட இருந்தது நான்தான் என்று சொல்லிப் பார்த்தேன். நீதான் அப்போது அங்கேயே இல்லையே என்கிறார்கள்.

அதனால்தான் முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை ஐயா. மற்றதையெல்லாம் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மகளுக்கு மட்டும் ஆள் அனுப்பி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தது நான்தான் என்று சொல்லிவிடுங்கள். பாவம், அந்தப் பெண் இன்னும் சரியான ஆளுக்கு நன்றி சொல்லவில்லை.