இருபத்தேழாவது துப்பாக்கி

காட்சிக்கு வைக்கும் பொருளின் கீழே ஒட்டும் சீட்டு மூன்று வரியைத் தாண்டக்கூடாது, ஷெரீஃப். தாண்டினால் யாரும் படிக்கமாட்டார்கள்.

எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தின் முன்னறைச் சுவரில் கெட்டுப்போன துப்பாக்கிகள் இருபத்தாறு தொங்குகின்றன. மொன்டானா மாநிலம் முழுக்கப் பழுதுபார்க்கும் கடைகளில் கெஞ்சி நான் வாங்கியவை. ஒன்றின் குழாயில் பனி அடைத்திருந்ததைப் பார்க்காமல் மானைச் சுட்டிருக்கிறார்கள். முனை வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து நிற்கிறது. புதிதாகச் சேர்பவர்களை அதன் முன்னால் நிறுத்தித்தான் பாதுகாப்புப் பாடத்தை ஆரம்பிப்பேன். அப்புறம் யாரும் அதிகம் பேசமாட்டார்கள்.

லைல் ஸ்டென்ஸ்ருட் மட்டும் பேசுவான். குதிரைகளுக்கு லாடம் அடிப்பவன், தெரியுமே.

"என்ன ஓரின், இன்னிக்கு உன் சர்ச்சுல என்ன பிரசங்கம்?"

"தொப்பியைக் கழட்டிட்டு உள்ள வா, சொல்றேன்."

"அட போய்யா, எல்லாம் பழைய இரும்பு. வெடிச்ச ரிவால்வர் ஒண்ணாச்சும் வச்சிருக்கியா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவன் சொன்னது சரிதான், ரிவால்வர் இல்லை. நடுவில் ஓர் இடம் காலியாகவே இருந்தது.

லைல் தோட்டாக்களுக்கு வீட்டிலேயே வெடிமருந்து நிரப்புவான், அதுவும் டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டே. அவன் அணி தோற்ற வாரம் அது தோட்டாவிலும் தெரியும். ஒரு தோட்டாவில் மருந்து விட்டுப்போனால் என்ன ஆகும் என்று சொல்கிறேன், அழகான விஷயம். குண்டு வெளியே வராது, பாதிக் குழாயிலேயே சிக்கி நிற்கும். பெரிய வெடிக்குப் பதில் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அடுத்த குண்டு அதில் போய் மோதும், துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். அதனால் அந்தச் சத்தம் கேட்டால் சுடுபவர் நிறுத்தவேண்டும். பாதுகாப்பு அதிகாரி குழாயைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் மறுபடி சுடலாம். எங்கள் சங்கத்தில் அந்த அதிகாரி நான்.

அன்றைக்குச் சனிக்கிழமை. ரிவால்வர் சுட்டுக்கொண்டிருந்த லைலுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தேன். நான்கு வெடி சரியாக விழுந்தன. ஐந்தாவது, 'டப்'.

லைல் நிறுத்திவிட்டான். எனக்கே ஆச்சரியம். விசையிலிருந்து விரலை எடுத்தான், முனையை இலக்கைப் பார்த்தே வைத்தான், ஒரு பக்கக் காதுமூடியை நகர்த்திவிட்டுத் தலையை மட்டும் திருப்பினான். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடி. சுவரை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"ஓரின், சத்தம் கம்மியா இருந்துச்சே. கொஞ்சம் பாக்குறியா?"

அந்தக் குரலில் கிண்டலே இல்லை.

"ஒண்ணுமில்ல, சுடு" என்றேன்.

மூன்று விரல்கள் போயின. இனி குதிரையின் குளம்பைப் பிடிக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு ஹக்கிள்பெரிப் பழப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன், நன்றி சொன்னான். நான் சொன்னது எதுவும் அவனுக்கு ஞாபகமில்லை. இரண்டு மாதமாகச் சங்கத்தில் யாரும் சுவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. எத்தனை பேருடைய விரல்கள் இதனால் தப்பும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். விசாரணை முடிந்ததும் ரிவால்வரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

நான் வந்தது வேறு விஷயமாக. உங்கள் அறிக்கையில் 'சுட்டவர் விதியை மீறினார்' என்று இருக்கிறது. அது தப்பு, திருத்திவிடுங்கள். பாதுகாப்பு அதிகாரி சொன்னால் கேட்கவேண்டும் என்பதுதான் எங்கள் முதல் விதி. லைல் கேட்டான்.