இடது பக்கத் தொட்டி

கழுத்துல கத்தியா? கொஞ்சம் பொறுங்க டாக்டர், பேனாவைக் கீழ வைங்க. ஆறு மாசம் கால்சியம் குடிச்சும் எலும்பு தேறலைன்னா, கழுத்துச் சுரப்பியிலதான் கோளாறா? வேற எதுவும் இருக்கக் கூடாதா?

சுரப்பி பத்தி எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க. வெளிய ஃபைலை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காளே என் மருமக, அவ மீன் ஆராய்ச்சி பண்றவ. சோறு போடும்போதும் சுரப்பிதான், துணி மடிக்கும்போதும் சுரப்பிதான். மீனு நம்மளை மாதிரி இல்லையாம். தண்ணியில இருக்கிற கால்சியத்தைச் செவுள் வழியாவே இழுத்துக்குமாம். கிட்னியை ஒட்டி கடுகு மாதிரி ஒரு சுரப்பி. கால்சியம் ஏறிப் போச்சுன்னா, போதும், கதவைச் சாத்துன்னு அது செவுளுக்குச் சொல்லி அனுப்புமாம். போதும்னு சொல்ல வயித்துக்குள்ளயே ஒரு ஆளு பாருங்க. எங்க வீட்டுக்காரருக்கு அப்படி ஒண்ணு இல்லாமப் போச்சு.

ஐயோ, பேச்சை மாத்தலை. விஷயத்துக்குத்தான் வர்றேன்.

அவங்க ஆய்வுக்கூடத்துல கூரை ஒழுகுதுன்னு ரெண்டு தொட்டியை வீட்டுக்குக் கொண்டாந்துட்டா. வேற இடம் இல்லை, என் ரூம்லதான். வலது பக்கம் சாதாத் தண்ணி. இடது பக்கம் கால்சியத்தை எடுத்துட்ட தண்ணி. அதுல இருக்கிற மீனு சவலையா நிக்கணும், சுரப்பியும் வேலையில்லாமச் சுருங்கணும். அப்படித்தான் எதிர்பார்த்தா. ஆனா அதுங்க புது மாப்பிள்ளை மாதிரி கொழுத்துப் போச்சு. அறுத்துப் பார்த்தா சுரப்பியும் பெரிசு. கால்சியமே இல்லாம இது எப்படின்னு அவ வாத்தியார் நாற்காலியை விட்டே எழுந்துட்டாராம். திங்கக்கிழமை பெரிய சபையில கட்டுரை படிக்கப் போறா. புதுச் செருப்பு கூட வாங்கியாச்சு.

தண்ணியை அளக்கலையான்னா கேக்கறீங்க? கெட்டிக்காரர்தான் நீங்க. அளப்பாளே. காலையில எட்டு மணிக்குத் தண்ணி மாத்தி, அளந்து, நோட்டுல எழுதி, அப்புறம் நீங்க குடுத்த அந்த நுரை மாத்திரையை டம்ளர்ல கரைச்சு வச்சு, குடிச்சிடுங்க அத்தைன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புவா. நல்ல பொண்ணு. குறை சொல்ல மாட்டேன்.

அதை நீங்க என்னைக்காவது குடிச்சுப் பார்த்திருக்கீங்களா? இல்லை, சும்மா கேட்டேன். சுவத்துச் சுண்ணாம்பை நக்கின மாதிரி இருக்கும். முதல் வாரம் ஜன்னல் பூஞ்செடியில ஊத்தினேன். மண்ணு வெளுத்துப் போச்சு, அவ ஏன்னு கேட்டா. பாத்ரூம் வரைக்கும் நடக்க முட்டி விடலை. தொட்டி கட்டிலுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. அதுலயும் இடது பக்கத்து மீனுங்க, பத்தியக்காரங்க மாதிரி என் டம்ளரையே பார்த்துக்கிட்டு.

ஒரு நாள் தவறலை டாக்டர். நீங்க சொன்ன அளவு, சொன்ன நேரம்.

சிரிக்காதீங்க, அவளுக்குக் கேக்கும். அந்த ஆபரேஷன் சீட்டைக் கிழிச்சுடுங்க. அப்புறம் ஒரு சின்ன உதவி. திங்கக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. சபையில போய் தலை குனியறதுக்குப் பதிலா, இங்கயே அழுது முடிச்சுடட்டும். கெட்ட சேதியைப் பக்குவமாச் சொல்றது உங்களுக்குப் பழக்கம்தானே? நான் அவளை உள்ள அனுப்பறேன். நீங்க ஆரம்பிங்க, நான் அந்த எடை பார்க்கிற ரூம்ல நிக்கறேன். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குல்ல?