பன்னெண்டாம் டவருக்கு வண்டி

ராத்திரி ரெண்டு பத்து. மழை. மலை மேல போற ரோடு... ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. பன்னெண்டாம் டவர்கிட்ட ஒரு லைன்மேன் தனியா. கூட வரவேண்டியவனுக்குக் காய்ச்சல். கால் வழுக்கிப் பள்ளத்துல விழுந்தான். விடிஞ்சு தேடிப் போனவங்க பார்த்தப்போ உடம்பு சில்லுனு இருந்துச்சு.

இரு இரு, கதை அவனைப் பத்தி இல்ல. என் கூட்டாளியோட மச்சானைப் பத்தி. மின்சார ஆபீஸ் ரேடியோ ரூம்ல ஆபரேட்டர். பட்டப்பேரு ‘காது’. எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் அதுக்குள்ள இருக்கிற மனுஷக் குரலைப் பிடிச்சிடுவார். அதுல அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இப்போ ரேடியோன்னா பழைய பெட்டி இல்ல. தீப்பெட்டி அளவு ஒரு டப்பா. மாடி ஆன்டெனாவுல வர்றதையெல்லாம் நம்பரா மாத்திக் கம்ப்யூட்டருக்குத் தள்ளிடும். திரையில இரைச்சல் நீலமா ஓடிக்கிட்டே இருக்கும். லைன்மேன் யாராவது வாக்கி-டாக்கியில பேசினா மஞ்சளா ஒரு கோடு விழும். கோடு எவ்வளவு பலமா இருந்தா ஸ்பீக்கர் திறக்கணும்னு நாமளே ஒரு அளவு வைக்கலாம். அன்னிக்கு மழைக்கு, யாரும் பேசாமலே ஸ்பீக்கர் திறந்து திறந்து கரகரன்னு கத்துச்சு. காதுக்கு எரிச்சல் தாங்கல. அளவை நல்லா ஏத்தி வெச்சார். ரூம் அமைதியாயிடுச்சு. நிம்மதியா டீ குடிச்சார். பாவி மனுஷன்.

லைன்மேன் செத்ததைப் பத்தி எட்டு நாள் கழிச்சு விசாரணை. அதுக்கு முந்தின ராத்திரி அவருக்கு இருப்பே கொள்ளல. ஏன்னா அந்த டப்பா பிடிச்சதெல்லாம் முப்பது நாளைக்கு ஃபைலா கிடக்கும். ஸ்பீக்கர்ல வராததும் சேர்த்து. தனியா உட்கார்ந்து அந்த நேரத்தைத் தேடினார்.

ரெண்டு பத்து. நீலத்துக்கு நடுவுல... முடி மாதிரி மெலிசா ஒரு கோடு. விட்டு விட்டு இருபது நிமிஷத்துக்கு.

கோட்டைக் கண்டுபிடிச்சா மட்டும் போதாது. அதுலேர்ந்து குரலை எந்த முறையில பிரிச்சு எடுக்கணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லணும். அவசரத்துல ஒரு பட்டனைத் தட்டினார். வாத்து கத்துற சத்தம். இன்னொண்ணு... உர்ர்ர்னு ஒரு உறுமல். மூணாவதா எஃப்.எம். இரைச்சல் விலகுச்சு.

“கன்ட்ரோல்... பன்னெண்டாம் டவர்... கால் உடைஞ்சிடுச்சுண்ணே... கேக்குதா?”

இருபது வருஷப் பழக்கம். யோசிக்கவே இல்ல. கால் தானா மேஜைக்கடியில இருக்கிற மைக் பெடலை மிதிச்சுது.

“கேக்குது. அங்கேயே இரு. வண்டி வருது.”

சொன்னப்புறம்தான் உறைச்சுது. ஓடுறது ஒரு வாரத்துப் பழைய பதிவு. பதிவுக்குப் போய்ப் பதில் சொல்றோமேன்னு அவருக்கே சிரிப்பு வந்துச்சு. அந்தச் சிரிப்பு அடங்கல...

“சரிண்ணே. இங்கேயே இருக்கேன்.”

பதிவை நிறுத்தினார். திரும்ப ஓட்டினார். இந்தத் தடவை வாயைக் கையால பொத்திக்கிட்டார். “கேக்குதா?”... அப்புறம் வெறும் இரைச்சல். அவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் பிடிச்சுதோ, சரியா அவ்வளவு நேரம்... “சரிண்ணே.”

அழிச்சிட்டார். ஃபைலை மொத்தமா அழிச்சிட்டு, வீட்டுக்குப் போய்ப் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கிட்டார்.

மறுநாள் அதிகாரி கேட்டார், “அன்னிக்கு ரேடியோவுல அழைப்பு ஏதாவது வந்துச்சா?” “வரல சார்.” அவ்வளவுதான், வேலை தப்பிச்சுது. ஆனா வெளியில வராந்தாவுல லைன்மேன் பொண்டாட்டி நின்னா. அழக்கூட இல்ல.

“ஒரு தடவைகூடக் கூப்பிடலையாண்ணே?”

“இல்லம்மா.”

“அப்போ விழுந்த உடனே போயிருப்பார். கஷ்டப்பட்டிருக்க மாட்டார், இல்ல?”

அவர் ஆமான்னு தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல்தான் அவரைக் கொன்னுச்சு. சாப்பாடு இறங்கல. பொண்டாட்டி பிள்ளைங்க மேல எரிஞ்சு விழுந்தார். உட்கார்ந்தா எழுந்திருக்கணும், எழுந்தா உட்காரணும்.

அன்னிக்கு ராத்திரி டூட்டி. ரெண்டு பத்து. மழை இல்ல. திரையில முடி மாதிரி ஒரு கோடு... இது பதிவு இல்ல. நேரா வர்றது. ஆன்டெனா வயரைப் பிடுங்கிப் போட்டார். மத்த கோடெல்லாம் போச்சு. அது மட்டும் போகல. எஃப்.எம். பட்டனைத் தட்டினார்.

“அண்ணே... வண்டி கிளம்பிடுச்சா?”

அடுத்த ராத்திரி, “குளிருதுண்ணே.” அதுக்கடுத்த ராத்திரி பேச்சே இல்ல. பல்லு தந்தியடிக்கிற சத்தம் மட்டும்... டக டக டக டக... இருபது நிமிஷம். காது அந்த இருபது நிமிஷமும் கேட்டார். ஸ்பீக்கரை அணைக்க மனசு வரலையாம். முன்னாடி கேட்காததுக்கு இப்பவாவது கேக்கணும்னு தோணுச்சாம்.

நாலாம் ராத்திரி முடியல. ஆபீஸ் ஜீப் சாவியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார்.

பன்னெண்டாம் டவர். இன்ஜினை அணைக்கல. இடது பக்கக் கதவை எட்டித் திறந்துவிட்டார். “ஏறிக்கப்பா”ன்னார். குரல் அவருக்கே கேக்கல. ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம்... ஈர ரப்பர் பூட்ஸ் வாசனை. ஜீப் இடது பக்கம் லேசா அமுங்குச்சு. கதவு மெதுவா சாத்திக்கிச்சு.

அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. வர்ற வழி பூரா பக்கத்து சீட்டுல... டக டக டக டக...

எங்க கொண்டு போறது? ஆஸ்பத்திரிக்கா? அதுக்கெல்லாம் நேரம் போயாச்சு. நேரா லைன்மேன் வீட்டு வாசல்ல கொண்டு போய் நிறுத்தினார். வேலை போனாப் போகுது, உண்மையைச் சொல்லிடுவோம்னு இறங்கினார். கதவைத் தட்டினார். உள்ள லைட் எரிஞ்சுது. அவ திறந்தா.

“அம்மா... அன்னிக்கு அவன் கூப்பிட்டான்மா. இருபது நிமிஷம் கூப்பிட்டான். அளவை ஏத்தி வெச்சு நான்தான் கேக்காம விட்டுட்டேன். என்னை மன்னிச்சிடும்மா.”

அவ அவரைப் பார்க்கவே இல்ல. அவர் தோளுக்குப் பின்னாடி பார்த்தா. முகம் மலர்ந்துச்சு. யாருக்கோ வழி விடுற மாதிரி ஒதுங்கி நின்னா.

“ஏங்க இவ்வளவு நேரம்?”ன்னு கேட்டா.

கதவு சாத்திக்கிச்சு. தாழ்ப்பாள் விழுந்துச்சு. உள்ளேர்ந்து தட்டு எடுத்து வைக்கிற சத்தம் வந்துச்சு. ஒண்ணு...

ரெண்டு.